பிள்ளைக்காம்பராவைத் தானம் கொடுத்த கதை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் அரை மணி நேரம் பேசும்படி கேட்டு என் பழைய அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. தலைப்பையும் அவர்களே தந்திருந்தார்கள்: கூட்டாண்மைச் சமூகப் பொறுப்புச் சட்டமும் சமூக மாற்றமும். கம்பனிச் செயலாளராக இருந்த காலத்தில் இந்த மாதிரித் தலைப்புகளை நானே பலருக்குக் கொடுத்திருக்கிறேன். திருப்பி வாங்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது. குண்டசாலையிலிருந்து கண்டிவரை பஸ்ஸில் நின்றுகொண்டு வருவதற்கு என் முழங்கால்கள் உடன்படவில்லை. ஆகவே எழுதி அனுப்புகிறேன். வாசிக்காமல் விட்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்னது. பக்கத்து நாட்டில் பெரிய கம்பனிகள் இலாபத்தில் ஒரு பங்கைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே அப்படி இல்லை. இங்கே பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி, தான் என்ன செய்தது என்பதை ஆண்டறிக்கையில் வெளிப்படுத்த வேண்டும். நல்லது செய் என்று யாரும் சொல்லவில்லை. செய்திருந்தால் சொல் என்கிறார்கள். அதனால் சொல்வதற்காகவே செய்கிற ஒரு கூட்டம் உருவானது. நான் அந்தக் கூட்டத்தில் பெரும் திறமைசாலி என்று பெயரெடுத்தவள். என் திறமை எங்கே போய் முட்டியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் கம்பனிக்கு ஹந்தானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் இருந்தது. அங்கே ஒரு பிள்ளைக்காம்பரா. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். இரண்டு அறை, ஒரு சமையலறை, உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள், பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. அதன் கூரை ஒழுகுகிறது, கழிவறை உடைந்திருக்கிறது என்று சோதனைக்கு வந்த அரச அதிகாரி ஒருவர் எழுதிவிட்டுப் போனார். திருத்தினோம். திருத்தத்தான் வேண்டும். தோட்டத்தில் பெண்கள் வேலை செய்தால் அவர்களுடைய பிள்ளைகளுக்கு இடமும் ஆளும் தரவேண்டியது முதலாளியின் பொறுப்பு என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே சட்டம் இருக்கிறது.

அந்த வருட ஆண்டறிக்கையில் 'சமூகத்துடன் நாம்' என்று ஓர் அத்தியாயம். எட்டுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். எங்களிடம் இருந்ததோ ஒரு இரத்ததான முகாமும் மரம் நட்ட படமும். நட்ட மரம் அடுத்த வாரமே பட்டுப்போயிருந்தது. தலைமை நிர்வாகி என்னை அழைத்து, தோட்டத்தில் ஏதோ கட்டிடம் திருத்தினோமே, அதைப் போடலாமா என்று கேட்டார். நல்ல மனிதர், கொழும்பில் படித்தவர், எதையும் கேள்வியாகத்தான் கேட்பார். அதை நாங்கள்தான் கட்டளையாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

போடலாம் என்றேன். ஆனால் சட்டப்படி செய்யவேண்டியதைச் சமூகப் பொறுப்பு என்று போட்டால் யாராவது கேள்வி கேட்கலாம். அதற்கு வழியும் நானே கண்டுபிடித்தேன். கட்டிடத்தை ஒரு பெற்றோர் குழுவிடம் கையளித்துவிட்டால் அது கம்பனியின் கடமை என்பது மறைந்து, கம்பனி மக்களுக்கு வழங்கிய கொடை ஆகிவிடும். ஐந்து பந்தியில் ஒரு கையேற்புக் கடிதம் எழுதினேன். கம்பனி தன் விருப்பத்தின் பேரில் இதை வழங்குகிறது. குழு நன்றியுடன் ஏற்கிறது. இதனால் எதிர்காலத்தில் எந்த உரிமையும் கோரப்படாது. பராமரிப்பும் பிள்ளைகளின் பாதுகாப்பும் குழுவின் பொறுப்பு. கம்பனி இயன்ற ஒத்துழைப்பை வழங்கும். ஐந்தாவது பந்தியை அழகுக்காகச் சேர்த்தேன். நான்கு பந்தி எதிர்மறையாக இருந்தால் கடைசியில் ஒரு புன்னகை வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம்.

வரைவை உள்ளகக் கணக்காய்வாளரிடம் காட்டினேன். அக்குறணைக்காரர், என் வயதுதான், எங்கள் இரண்டு மேசைகளுக்கும் நடுவில் ஒரு அலுமாரி மட்டும். அவர் இரண்டு தடவை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் உங்கள் கோப்பில் ஏதோ பிழை என்று அர்த்தம்.

"மிஸ், எங்கட ஆக்கள்ட்ட ஸக்காத்தும் இருக்கு, ஸதக்காவும் இருக்கு. ஸதக்கா நாம விரும்பிக் குடுக்கிறது. ஸக்காத் அப்பிடி இல்ல, கடமை. அது வாங்குறவன்ட ஹக்கு, அவன்ட உரிமை. அதக் குடுத்துட்டு நன்றிக் கடிதம் கேக்க ஏலாது."

இது மார்க்க விஷயமில்லை, பங்குச் சந்தைப் பட்டியல் விதி என்றேன். "ஓ, அப்ப சரி," என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அந்த 'அப்ப சரி'யின் தொனி இன்னும் எனக்குக் கேட்கிறது. அவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. அவருக்கும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. உங்களில் பலர் அந்த இடத்தில் உட்காரப்போகிறவர்கள்தான்.

கையளிப்பு விழா நடந்தது. குத்துவிளக்கு, சிவப்பு நாடா, மூன்று மொழியில் பதாகை, நிர்வாகியின் பெயர் பொறித்த பளிங்குக் கல். பிள்ளைகளுக்குக் கேக். குழுவின் செயலாளராகக் கையெழுத்திட வேண்டியவர் ஆயா ஞானம்மா. முப்பத்தைந்து வயதிருக்கும், சாதாரணதரப் பரீட்சை வரை படித்தவர், மாதா கோயில் பூசையில் வாசகம் வாசிக்கிறவர். கடிதத்தை நீட்டியதும் கையெழுத்துப் போடுவார் என்று நினைத்தோம். அவர் வாசிக்க ஆரம்பித்தார். புகைப்படக்காரர் கமராவைத் தூக்கியபடி நின்றார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கடிகாரத்தைப் பார்த்தார். ஹந்தானையில் பதினொரு மணிக்கு மேல் பனி இறங்கினால் படம் சரியாக வராது.

ஐந்து பந்தியையும் முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், ஒரு சந்தேகம். எங்க பிள்ளைக்காம்பராவ எங்களுக்கே தானம் குடுக்குறீங்களா?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதெல்லாம் ஒரு சம்பிரதாயம்தான் என்றேன். இந்தத் தொழிலில் நான் சொன்ன பொய்களில் மிகச் சுருக்கமானது அதுதான். சம்பிரதாயமென்றால் பதினொரு வரைவு எழுதியிருப்பேனா?

"சம்பிரதாயம்னா சரி. எனக்கு ஒரு போட்டோ கொப்பி வேணும்."

கொடுத்தோம். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். படமும் நன்றாக வந்தது. அந்த அத்தியாயத்துக்கு ஒரு விருதும் கிடைத்தது, கண்ணாடியில் செய்த மலைபோல ஒன்று. அலுவலக முன்கூடத்தில், வரவேற்பு மேசைக்கு மேலே வைத்தோம்.

அடுத்த வருடம் மழை கொஞ்சம் அதிகம். ஒரு திங்கட்கிழமை காலை துரை தொலைபேசியில் வந்தார். பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது, கை உள்ளே போகும் அளவுக்கு. மண்சரிவு பார்க்கும் அதிகாரி வந்து, பிள்ளைகளை உள்ளே வைக்கக்கூடாது, உடனே மூட வேண்டும், வேறு இடம் தர வேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். அதில் கட்டிடத்தின் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். துரையின் கேள்வி ஒன்றுதான்: பொறுப்பாளர் யார்? கடிதப்படி குழு. குழுவிடம் வேறு இடம் கிடையாது, இருக்கிற இடமெல்லாம் தோட்டத்தினுடையது. துரை கையெழுத்திட்டால் கட்டிடம் நம்முடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் சட்டத்துக்குப் பயந்தவர். அதாவது எனக்குப் பயந்தவர்.

நிர்வாகி என்னை அழைத்தார். வழக்கம்போலக் கேள்விகள். நாம் இப்போது பொறுப்பேற்றால் ஆண்டறிக்கையில் எழுதியது என்னவாகும்? அது கடமை என்றால் கொடை என்று விருது வாங்கியது எப்படி? பொறுப்பேற்காவிட்டால் ஏதாவது நடந்தால்? எழுத்தில் ஓர் அபிப்பிராயம் தர முடியுமா?

தருகிறேன், இரண்டு நாள் வேண்டும் என்றேன்.

நான் செய்த தவறு எதுவென்று யாராவது கேட்டால் கடிதம் எழுதியதைத்தான் சொல்வேன் என்று நினைப்பீர்கள். இல்லை. கடிதம் பேராசை, அது எல்லா அலுவலகத்திலும் உண்டு. தவறு இந்த இரண்டு நாள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது, தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் கேட்டிருக்கலாம்: பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? நான் கேட்கவில்லை. துரையும் சொல்லவில்லை. யாரும் கையெழுத்திடாததால் பிள்ளைக்காம்பரா மூடப்படவில்லை. மூடினால் தாய்மார் அன்று வேலைக்குப் போக முடியாது, வருகைப் பதிவில் பேர் விழாது. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஆகவே பதினொரு பிள்ளைகள் அந்த வெடித்த மேட்டுக்குக் கீழே, உத்தரத்தில் கட்டிய சேலைகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். மண்மேட்டுப் பக்கத்து அறையை ஞானம்மா தானே பூட்டிவிட்டு, எல்லோரையும் முன்னறைக்கும் சமையலறைக்கும் மாற்றியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதேநேரம் நான் கண்டி நகரத்தில், ஜன்னலைச் சாத்திவிட்டு, என் வாழ்நாளின் மிக நேர்த்தியான அபிப்பிராயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு புறம் பார்த்தால் கம்பனிக்குப் பொறுப்பு உண்டு. மறு புறம் பார்த்தால் இல்லை. இரண்டையும் கவனமாகப் பரிசீலிக்குமிடத்து, மேலதிக ஆலோசனை பெறுவது உசிதம். மதில்மேல் பூனையாக இருப்பதற்குச் சம்பளம் தரும் தொழில் இது ஒன்றுதான்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு வரவேற்பு மேசையிலிருந்து அழைப்பு. கீழே வாருங்கள் மிஸ், ஆட்கள் வந்திருக்கிறார்கள். எத்தனை பேர் என்று கேட்டேன். எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றாள் வரவேற்பில் இருந்தவள்.

மூன்று ஆட்டோவில் வந்திருந்தார்கள். பதினொரு பிள்ளைகள், ஞானம்மா, துணைக்கு ஒரு தாய். பாய்கள், பால் போத்தல்கள், ஒரு பானை நிறையக் கஞ்சி. விருதுக்கு நேர் கீழே பாயை விரித்து, நடக்கத் தெரியாதவர்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். நடக்கத் தெரிந்தவர்கள் கதிரைகளுக்கடியில் இருந்தார்கள். கார்ப்பெட்டில் ஏற்கெனவே ஓர் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. காவலாளி அதைப் பார்ப்பதா, கதவைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றான். அன்று வெளிநாட்டு விருந்தினர் யாரும் வரவில்லை. வந்திருந்தால் கதை இன்னும் சுவையாக இருந்திருக்கும். நடந்ததை மட்டும்தான் எழுதுகிறேன்.

ஞானம்மா எழுந்து நின்றார். இடுப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து அழிந்திருந்தது. அவருக்கு எழுத்துத் தேவைப்படவில்லை.

"நீங்க எழுதினதுதான் மிஸ். நாலாவதுல பிள்ளைங்க பாதுகாப்புக்குக் குழு பொறுப்புன்னு இருக்கு. அந்தப் பொறுப்ப நான் செஞ்சிட்டேன், பிள்ளைங்கள எடத்த விட்டு வெளிய கொண்டாந்துட்டேன். அஞ்சாவதுல கம்பனி ஒத்துழைப்புக் குடுக்கும்னு இருக்கு. அதுக்குத்தான் வந்திருக்கோம்."

என்ன ஒத்துழைப்பு வேண்டும் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அசட்டுத்தனமாக இருந்தது.

"எடம். நாலு மணிக்கு அம்மாமாரு கொழுந்து நிறுத்துட்டு வரும் வரைக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்கும் வருவோம்," என்றார். மிரட்டல் இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

துரையிடம் கேட்டீர்களா என்றேன். கேட்டாராம். மிஸ் எழுதித் தந்தால் உடனே செய்கிறேன் என்றாராம் துரை. "அதுதான் எழுதுறவங்ககிட்டயே வந்துட்டோம்."

மாடிப்படியில் கணக்காய்வாளர் இறங்கி வந்துகொண்டிருந்தார். முன்கூடத்தை ஒரு தடவை பார்த்தார். கதிரைக்கடியிலிருந்து தவழ்ந்து வந்த ஒரு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், அனுபவசாலி. என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "மிஸ், ஹக்குக்காரர் வீடு தேடி வந்திருக்காங்க."

மேலே போனேன். இரண்டு நாளாக எழுதிய அபிப்பிராயம் மேசையில் இருந்தது, ஒன்பது பக்கம். கிழித்தேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை, கோப்பில் போட்டேன். அது இன்னும் அங்கேதான் இருக்கும், தேடினால் கிடைக்கும். பிறகு ஆறு வரியில் ஒரு கடிதம் அடித்தேன். பிள்ளைக்காம்பரா கம்பனியின் சட்டக் கடமை. முன்னைய கையேற்புக் கடிதம் செல்லாது. கட்டிடம் இன்றே மூடப்படுகிறது. தோட்டத்து உத்தியோகத்தர் விடுதியில் காலியாகக் கிடக்கும் வீடு இன்றே பிள்ளைகளுக்குத் திறக்கப்பட வேண்டும். மேட்டுக்கு அணைச்சுவர் கட்டும்வரை பழைய கட்டிடத்தில் யாரும் இருக்கக்கூடாது. ஆண்டறிக்கைக்குத் திருத்தம் வெளியிடப்படும், விருது திருப்பி அனுப்பப்படும்.

நிர்வாகியிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்துவிட்டு முதல் வரிக்குத் திரும்பி மறுபடியும் வாசித்தார். கீழேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. ஒரு பிள்ளை அழுதால் பதினொன்றும் அழும். பிறகு கேட்டார்: நீங்கள் எழுதியதையே நீங்கள் தவறென்று எழுதுகிறீர்களே, இது யோசித்துத்தானா?

"அந்தக் கடிதத்தை எழுதியபோதுதான் யோசிக்கவில்லை," என்றேன்.

கையெழுத்திட்டார். படிவத்திலும் இட்டார். இதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்: அவர் கெட்டவரில்லை, நான் திங்கட்கிழமை அந்த ஆறு வரியைக் கொடுத்திருந்தால் திங்கட்கிழமையே கையெழுத்திட்டிருப்பார். நம்மைப் போன்றவர்களிடம் மேலதிகாரிகள் கேட்பது பெரும்பாலும் தப்பிக்கும் வழியைத்தான். ஆனால் வழி இல்லை என்று ஒருவர் தெளிவாகச் சொன்னால், அதை ஏற்றுக்கொள்ளும் ஆட்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். அதைச் சோதித்துப் பார்க்காமலே நான் ஓய்வுக்குக் கிட்டப் போயிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்குக் கம்பனியின் வான் வண்டியில் பிள்ளைகள் தோட்டத்துக்குப் போனார்கள். உத்தியோகத்தர் விடுதியில் துரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாராம், கையில் கடிதத்தோடு. அவருக்கும் நிம்மதி.

இனி நீங்கள் எதிர்பார்ப்பது அந்த மண்மேடு சரிந்த கதை. சரியவில்லை. அந்த வாரமும் இல்லை, அந்த மழையிலும் இல்லை. நான் ஓய்வு பெறும்வரை வெடிப்பு வெடிப்பாகவே இருந்தது. நிர்வாகி விருந்துகளில் அதைச் சொல்லி என்னைக் கேலி செய்வார்: எங்கள் செயலாளர் ஒரு மேட்டைப் பார்த்துப் பயந்து ஒரு விருதைத் திருப்பி அனுப்பியவர். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சரியான முடிவெடுத்தால் கடைசியில் அது நிரூபணமாகும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது, நீங்கள் ஒரு பயந்தாங்கொள்ளியாக நினைவில் இருப்பீர்கள்.

திருத்தம் அடுத்த அறிக்கையின் பின்பகுதியில் பொடி எழுத்தில் வந்தது. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வழமையாகக் கிடைக்கவேண்டிய சேவை நீடிப்பு கிடைக்கவில்லை. காரணம் எழுதப்படவில்லை. எழுதப்படாத காரணங்களை வாசிக்க எனக்குத் தெரியும்.

புதிய பிள்ளைக்காம்பரா இரண்டு வருடம் கழித்துத்தான் கட்டப்பட்டது. சமூக மாற்றம் என்று தலைப்பில் இருப்பதால் இதைச் சொல்கிறேன்: வேகம் அவ்வளவுதான். விழா வேண்டாம் என்று நான் எழுதி வைத்திருந்தேன், அதன்படியே விழா நடக்கவில்லை. நாடா இல்லை, கல் இல்லை, கேக் மட்டும் பிள்ளைகளுக்காக வந்தது. ஓய்வு பெறுவதற்கு முந்திய வாரம் ஒருநாள் மேலே போனேன். ஞானம்மா தொட்டில் கட்டிக்கொண்டிருந்தார். தேத்தண்ணி தந்தார். கொஞ்சம் பேசினோம், முழங்கால் வலி, மழை, அவருடைய மகளின் பரீட்சை.

புறப்படும்போது கேட்டேன், அந்தப் பழைய கடிதத்தின் பிரதி இன்னும் இருக்கிறதா என்று. அலுமாரியில் இருக்கிறது என்றார். அது செல்லாது, கிழித்துவிடுங்கள் என்றேன். எனக்கு அது அங்கே இருப்பது வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ஞானம்மா சேலை முடிச்சை இழுத்துப் பார்த்தார். தாங்குகிறது என்று உறுதியானதும் ஒரு பிள்ளையை அதில் போட்டார்.

"அது இருக்கட்டும் மிஸ். நீங்க போயிருவீங்க. அடுத்தாப்புல வர்றவங்க என்னா எழுதிக்கிட்டு வருவாங்கன்னு தெரியாதுல்ல."

அடுத்து வருகிறவர்கள் நீங்கள்தான். உங்களுக்கு அந்தத் தோட்டத்துக் கோப்பைத் தருவார்கள், சிவப்பு நாடா கட்டியது, இரண்டாவது அலுமாரியில் மேல் தட்டு. அதைத் திறக்குமுன் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் எழுதப்போவதை உங்கள் பணிப்பாளர் சபை வாசிக்காது, பங்குதாரர்கள் வாசிக்கமாட்டார்கள், விருதுக் குழுவும் படங்களைத்தான் பார்க்கும். ஹந்தானையில் ஒருவர் வாசிப்பார். ஐந்து பந்தியையும், நின்றபடியே, பனி இறங்கினாலும் அவசரப்படாமல்.